நினைவுப் பதிவுகளுக்கான இணையத்தளம்: எந்த ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் பொருத்தமானது?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பதிவு செய்யப்பட வேண்டிய பெயர்கள் ஏராளம். 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த நிலையில் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், அதே மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்டவர்கள், 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் கொல்லப்பட்டவர்கள் என அந்தப் பட்டியல் நீள்கிறது.

இத்தகைய விபரங்களை இணையத்தில் தொகுக்க முன்வரும் ஊர்ச் சங்கமோ புலம்பெயர் உறவுகளோ ஒரு வடிவமைப்பாளரை நாடும்போது, "ரியாக்டில் செய்வோமா, வூவில் செய்வோமா?" என்ற கேள்வி வரும். தொழில்நுட்பம் தெரிந்தவர் முடிவு செய்யட்டும் என்று இதை விட்டுவிட முடியாது. அந்தப் பதிவு யாருடைய கைபேசியில் திறக்கும், எத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கும் என்பதை இந்தத் தெரிவும் தீர்மானிக்கிறது.

கூறு என்பது என்ன?

ஒருவரின் பெயர், படம், வயது, ஊர், கடைசியாகக் காணப்பட்ட திகதி ஆகியவற்றைக் கொண்ட ஓர் அட்டையை எண்ணிப் பாருங்கள். அதை ஒரு முறை வடிவமைத்துவிட்டு, நூற்றுக்கணக்கானோரின் விபரங்களுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். தேடல் பெட்டி, வரைபடம், மும்மொழித் தெரிவு போன்றவையும் அப்படியே. இவற்றைக் கூறுகள் என்கிறோம். கூறுகளை உருவாக்கவும் இயக்கவும் ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பே நிரல் நூலகம்.

முதன்மையான தெரிவுகள்

ரியாக்ட்: பேஸ்புக் நிறுவனம் 2013 மே மாதம் வெளியிட்டது. அதிகமானோர் அறிந்தது என்பதால் ஒருவர் விலகினாலும் வேலையைத் தொடர இன்னொருவரைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் உரிமத்திலிருந்த காப்புரிமை நிபந்தனை சர்ச்சைக்குள்ளானதால் 2017 செப்டெம்பரில் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. அடிப்படைக் கோப்புகள் மட்டும் சுருக்கிய நிலையிலும் 40 கிலோபைட்டைத் தாண்டும்.

வூ: இவான் யூ 2014இல் வெளியிட்டார். எந்தப் பெரு நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல. எச்டிஎம்எல் தெரிந்தவர் விரைவாகக் கற்கலாம்.

ஸ்வெல்ட்: ஊடகத்துறையினர் அறிந்திருக்க வேண்டியது. கார்டியன் பத்திரிகையில் ஊடாடு வரைகலைப் பணியில் இருந்த ரிச் ஹாரிஸ் 2016இல் வெளியிட்டார். பெரும்பகுதி வேலையைத் தளத்தை உருவாக்கும்போதே முடித்துவிடுவதால் வாசகரின் கைபேசிக்குச் செல்லும் நிரல் குறைவு.

வெப் கொம்போனன்ட்ஸ்: இது உலாவிகளுக்குள்ளேயே இருக்கும் பொதுத் தரநிலை. குரோம், சஃபாரி, பயர்பொக்ஸ், எட்ஜ் ஆகிய நான்கிலும் 2020 ஜனவரி முதல் இயங்குகிறது. நிரல் நூலகம் எதுவும் கட்டாயமில்லை. எழுதுவதை எளிதாக்க வேண்டுமானால் கூகுள் உருவாக்கிய லிட் இருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ 5 கிலோபைட்.

ஆயுள் பற்றிய கேள்வி

பாமினி எழுத்துருவில் வெளியான பழைய ஈழத்துத் தளங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரிகின்றன. எழுதியது ஒரு கருவியோடு கட்டப்பட்டிருந்தது. கருவி வழக்கொழிந்ததும் எழுத்தும் வாசிக்க முடியாததாகிவிட்டது.

நிரல் நூலகங்களிலும் இதுவே நடக்கிறது. 2010இல் கூகுள் வெளியிட்ட அங்குலர்ஜேஎஸ் பெரும் செல்வாக்குப் பெற்றது. 2016இல் வந்த அங்குலர் 2 முற்றிலும் வேறாக எழுதப்பட்டதால், பழைய தளங்களைப் பெருமளவு திருத்தி எழுத வேண்டியிருந்தது. பழைய பதிப்புக்கான ஆதரவு 2021 டிசம்பருடன் நிறுத்தப்பட்டது. லிட்டுக்கு முன்னோடியான பொலிமரும் நம்பியிருந்த ஒரு வசதியை உலாவிகள் பொதுவாக ஏற்காததால் மாற வேண்டியதாயிற்று.

மாறாக, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்திவரும் நூலகம் தளம், விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் நடக்கிறது. அதன் பக்கங்கள் எளிமையானவை. சேவையகத்திலிருந்து உரை முழுமையாகவே வந்து சேர்கிறது.

வாசகரின் கைபேசி

40 கிலோபைட் படமும் 40 கிலோபைட் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றல்ல. நிரலைத் தரவிறக்கிய பின் கைபேசி அதைப் படித்து இயக்கவும் வேண்டும். வாகரையிலோ வெல்லாவெளியிலோ விலை குறைந்த அன்ட்ரொய்ட் கைபேசியில் மகனின் பெயரைத் தேடும் தாய்க்கு அந்தத் தாமதம் வெற்றுத் திரையாகத் தெரியும்.

உரை முழுவதையும் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டே உருவாக்கினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்கள் அத்தகைய பக்கங்களைச் சரிவரச் சேமிக்காமல் போகலாம். தளம் மூடப்பட்டால் எஞ்சுவது வெற்றுச் சட்டகமாக இருக்கக்கூடும். ரியாக்டுக்கு நெக்ஸ்ட், வூவுக்கு நக்ஸ்ட், ஸ்வெல்ட்டுக்கு ஸ்வெல்ட்கிட் எனப் பக்கத்தை முன்கூட்டியே முழு உரையாக்கி அனுப்பும் வழிகள் இருக்கின்றன. எதைத் தெரிந்தாலும் அந்த வழியைக் கேட்டுப் பெற வேண்டும்.

எதற்கு எது?

பெயர், படம், சாட்சியம் ஆகியவற்றை வாசிக்கக் கொடுப்பதே நோக்கமென்றால் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வெப் கொம்போனன்ட்ஸும் போதும். அக்கூறுகளை வூ தளத்திலும் பயன்படுத்தலாம். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 முதல் ரியாக்டிலும் முழுமையாகப் பயன்படுத்தலாம். வரைபடமும் காலக்கோடும் நிறைந்த கட்டுரைக்கு ஸ்வெல்ட் ஏற்றது. பலர் சேர்ந்து தரவு உள்ளிட்டுச் சரிபார்க்கும் உள்ளகச் செயலிக்கு ரியாக்ட் அல்லது வூ நல்லது.

ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தினாலும் பெயர்களும் சாட்சியங்களும் தெரியுமா?
2. தரவு முழுவதும் யூனிகோட் தமிழில், சிஎஸ்வி போன்ற எளிய கோப்பாகத் தனியே எங்கள் கையில் தரப்படுமா?
3. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பொத்தானிலும் அட்டையிலும் அவை வெட்டுப்படாமல் மூன்று மொழிகளிலும் பொருந்துமா?
4. நீங்கள் விலகினால் இந்த நிரலைத் தொடர எமது மாவட்டத்தில் ஆள் உண்டா?

இவற்றில் இரண்டாவது கேள்வியை எக்காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம். தரவு கையிலிருந்தால், இன்று தெரிந்த நிரல் நூலகம் நாளை வழக்கொழிந்தாலும் இன்னொன்றில் தளத்தை மீண்டும் கட்டலாம். சாட்சி சொன்னவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். பலர் இறந்தும்விட்டார்கள். அவர்களிடம் மீண்டும் கேட்டு எழுத முடியாது.