பீரோவில் தூங்கும் ஆடியோ சிடி... லேப்டாப்புக்கு மாத்துறது எப்படி?

ஸ்பாட்டிஃபை, யூடியூப்னு எல்லாப் பாட்டும் விரல் நுனியில் இருக்கும்போது, பழைய சிடியை யார் சீண்டப்போறாங்க? நியாயமான கேள்விதான். சினிமா பாட்டு சிடிக்காக நீங்க மெனக்கெடவே வேண்டாம். ஆனா, தாத்தா பாட்டியோட அறுபதாம் கல்யாணத்துல அத்தை பாடினது, ஸ்கூல் ஆண்டு விழாவில் நீங்க மழலையா பேசினது, தாத்தா சொன்ன கதையை மாமா ரெக்கார்டு பண்ணி சிடியில் போட்டு வெச்சது... இதெல்லாம் எந்த ஆப்பிலும் கிடைக்காது. சிக்கல் என்னன்னா, சீக்கிரம் கெட்டுப்போறதும் இந்த வகை சிடிதான்.

கடையில் வாங்கின பாட்டு சிடியில், ஒலி சின்னச் சின்னப் பள்ளங்களா பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ 'பர்ன்' பண்ணின சிடியில் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சாயப் பூச்சில் லேசர் போட்ட தடயம்தான் உங்க அத்தையோட குரல். வெயில், சூடு, ஈரப்பதம் பட்டால் அந்தச் சாயம் மங்கும். இன்னொரு விஷயம், பளபளன்னு இருக்கும் பக்கத்தைவிட, பெயர் எழுதுற மேல்பக்கம்தான் ரொம்ப பலவீனமானது. அங்கே ஆழமா கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டும் பயனில்லை.

சரி, சிடியைப் போட்டு காப்பி - பேஸ்ட் பண்ணினா போதாதா? விண்டோஸில் இதைச் செய்து ஏமாந்தவங்க நிறைய பேர். ஆடியோ சிடியைத் திறந்தால் 'சிடிஏ' என்று முடியும் ஃபைல்கள் தெரியும். அதில் பாட்டு கிடையாது, பாட்டு சிடியில் எங்கே இருக்குங்கிற முகவரி மட்டும்தான். ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். சிடியை வெளியே எடுத்ததும் எதுவும் பாடாது. ஒலியையே படித்து ஃபைலா மாற்றணும். இதுக்குப் பேர் 'ரிப்பிங்'. (உங்களுடையது எம்பி3 சிடியா இருந்தால் இந்த வேலையே இல்லை. சாதாரணமா காப்பி பண்ணிடலாம்.)

இப்போ வர்ற லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவ் கிடையாது. யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு வாங்கணும், இல்லைன்னா நண்பர்கிட்ட கடன் கேட்கலாம். விண்டோஸில் மீடியா ப்ளேயரும், மேக்கில் மியூசிக் ஆப்பும் ரிப் பண்ணும். ஆனா கீறல் விழுந்த சிடிக்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற விண்டோஸ் மென்பொருளைப் பரிந்துரைப்பேன். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும். பொறுமை வேணும், சில சிடிக்கு மணிக்கணக்கில்கூட ஆகும். அதுக்கு முன்னாடி மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேரா துடைங்க. வட்டமா துடைக்காதீங்க.

எந்த ஃபார்மட்? சிடியில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள் பதிவாகியிருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 'ஃப்ளாக்' ஃபார்மட் தரம் துளியும் குறையாம இதைப் பாதி அளவுக்குச் சுருக்கும். குடும்பப் பதிவுகளுக்கு யோசிக்காம இதையே போடுங்க. எம்பி3 வேணும்னா பிறகு இதிலிருந்து எடுத்துக்கலாம். எம்பி3-யிலிருந்து பழைய தரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆடியோ புத்தகக் கதை வேற. வெறும் பேச்சுதானே, 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 தாராளம். ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பி-கூட வராது. தலைவலி வரிசையில்தான். பத்து சிடி செட்டுன்னா ஒவ்வொரு சிடியிலும் 'ட்ராக் 1' இருக்கும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், முதல் அத்தியாயம் முடிஞ்சதும் கிளைமாக்ஸ் கேட்கும்! '01-01', '01-02' என்று சிடி எண்ணையும் சேர்த்தே பெயர் வைங்க.

ஒரு சட்ட விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருது. அதுக்காக, கடையில் வாங்கின ஆடியோ புத்தகத்தை டெலிகிராம் குரூப்பில் ஏத்துறது அதில் அடங்காது.

ரிப் முடிஞ்சதும் சிடியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஹெட்போன் மாட்டி முழுசா ஒருமுறை கேளுங்க. 'டக் டக்'னு சத்தமோ, திடீர் அமைதியோ வந்தால், இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்க. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொண்ணு படிக்கும். அப்புறம் ஒரு பிரதி லேப்டாப்பில், ஒண்ணு பென் டிரைவில், ஒண்ணு அத்தையோட வாட்ஸ்அப்புக்கு.