அமெரிக்க மருத்துவமனைகளில் நிறவேற்றுமை நீங்கிய வரலாறு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நம் மாணவர்கள் ஓரளவு அறிவர். 1955-ஆம் ஆண்டு மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பேருந்து இருக்கையைவிட்டு எழ மறுத்ததும், 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனில் ஆற்றிய உரையும் மேடைதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. பேருந்து, பள்ளி, உணவகம் என்னும் இம்மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. பிணியுற்ற ஒருவன் தோலின் நிறத்தால் மருத்துவமனை வாயிலில் தடுக்கப்பட்டதையும், அவ்வாயில் பின்னர் எவ்வாறு திறந்தது என்பதையும் சொல்வோர் மிகச் சிலரே. பேருந்தில் இடம் கிடைக்காதவன் நடந்தேனும் ஊர் சேரலாம். அறுவை மருத்துவம் வேண்டி நிற்பவன் எங்கே நடப்பான்?

அந்நாளில் தென்மாநில மருத்துவமனைகள் பல, கறுப்பினத்தாரை அறவே ஏற்கவில்லை. ஏற்றவையும் கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோ சில படுக்கைகளை ஒதுக்கியதோடு அமைந்தன. அவை நிரம்பிவிட்டால், வெள்ளையர் கூடத்தில் படுக்கைகள் வெறுமையாய்க் கிடந்தாலும் நோயாளி திருப்பி அனுப்பப்படுவார். கறுப்பின மருத்துவர்களின் நிலையும் இதுவே. வட்டார மருத்துவர் சங்கத்தில் உறுப்பினர் அல்லாதவர் பல மருத்துவமனைகளில் பணியாற்ற இயலாது. அச்சங்கமோ அவரை உறுப்பினராக ஏற்காது. கொடையாகப் பெற்ற இரத்தத்திலும் நிறம் பார்த்தனர். இரத்தக் குப்பியில் இனத்தைக் குறித்து வைக்கும் வழக்கத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 1950-இல்தான் கைவிட்டது.

இவ்விடத்தில் ஒரு பிழையைத் திருத்துவது நலம். இரத்தச் சேமிப்புத் துறையின் முன்னோடியான கறுப்பின மருத்துவர் சார்ல்ஸ் ட்ரூ, 1950-ஆம் ஆண்டு ஏப்ரலில் வட கரோலினாவில் கார் விபத்தில் மாண்டார். வெள்ளையர் மருத்துவமனை அவருக்கு இரத்தம் ஏற்ற மறுத்ததால் உயிர் நீத்தார் என்று நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்தனர். அஃது உண்மையன்று. வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றதை உடனிருந்த கறுப்பின மருத்துவர்களே உரைத்துள்ளனர். ஆயினும் அக்கதையை மக்கள் ஏன் எளிதில் நம்பினர்? அதே ஆண்டின் இறுதியில், அதே மாநிலத்தில், விபத்துக்குள்ளான கறுப்பின மாணவர் ஒருவர், கறுப்பினத்தார்க்குரிய படுக்கை இல்லை என்று ஒரு மருத்துவமனையால் திருப்பப்பட்டு, வேறொன்றில் சேர்க்கப்பட்ட சிறிது நேரத்தில் இறந்தார். புகழ்பெற்றவர்மேல் ஏற்றிச் சொல்லப்பட்ட பொய்க்கதைக்குப் பின்னே, பெயர் அறியாத பலரின் மெய்க்கதை இருந்தது.

இக்கொடுமைக்குச் சட்டமே இடமளித்தது. 1946-ஆம் ஆண்டு நிறைவேறிய ஹில்-பர்ட்டன் சட்டம், நாடெங்கும் மருத்துவமனை கட்ட நடுவண் அரசின் பணத்தை அள்ளி வழங்கிற்று. இரு இனத்தார்க்கும் தனித்தனியே சமமான வசதி இருப்பின் போதும் என்னும் விலக்கையும் அதனுள்ளேயே எழுதி வைத்தனர். சட்டத்தைக் கொணர்ந்தோருள் ஒருவரான அலபாமா செனட்டர் லிஸ்டர் ஹில், ஏழை எளியவர் நலத்தில் அக்கறை மிக்கவர். நிறப் பிரிவினையைக் காப்பதிலும் உறுதி மிக்கவர். கையெழுத்திட்டவரோ, 1945-இலேயே அனைவர்க்கும் மருத்துவக் காப்புறுதி வேண்டுமெனக் கேட்ட அதிபர் ட்ரூமன். அரசாங்கம் மக்கள் நலப்பணிகளை மேற்கொள்ள வேண்டும் என்னும் கொள்கையினரை அமெரிக்காவில் லிபரல் என்பர். நாம் தாராளக் கொள்கையினர் எனலாம். அக்கொள்கையினரும் கறைபடியாதவர் அல்லர் என்பதற்கு இச்சட்டமே சான்று. தென்மாநில வாக்குகளைப் பெறக் கறுப்பினத்தாரின் உரிமையை விலையாகக் கொடுத்தனர்.

இவ்விலையை மீட்கப் புறப்பட்டவர் ஒரு பல்மருத்துவர். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையின் உணவு மேசையில் அமர்ந்து அறப்போர் தொடங்கினரே, அதே கிரீன்ஸ்பரோ நகரத்தவர். ஜார்ஜ் சிம்கின்ஸ் என்பது பெயர். பல்லில் சீழ் கட்டிக் காய்ச்சலும் கண்ட நோயாளி ஒருவரை அவர் மருத்துவமனையில் சேர்க்க முயன்றார். கறுப்பினத்தார்க்குரிய மருத்துவமனையில் இடமில்லை. வெள்ளையருக்கான இரு மருத்துவமனைகளும் மறுத்தன. அவ்விரண்டும் ஹில்-பர்ட்டன் சட்டத்தின்கீழ் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வெள்ளியைப் பெற்றவை. கறுப்பினத்தார் செலுத்திய வரியும் அப்பணத்துள் அடங்கும் அன்றோ? சிம்கின்சும் பிற மருத்துவர்களும் நோயாளிகளும் 1962-இல் வழக்குத் தொடுத்தனர். அவை தனியார் நிறுவனங்கள் என்று கூறி முதல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவர்க்கு இருவர் என்னும் கணக்கில் அத்தீர்ப்பை மாற்றி, பொதுப்பணத்தால் எழும் மருத்துவமனையில் நிறம் பார்த்தல் அரசமைப்புக்கு முரண் என உரைத்தது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுக்கவே, தீர்ப்பு நிலைபெற்றது.

அவ்வாண்டு ஜூலையில் குடியுரிமைச் சட்டமும் வந்தது. நடுவண் அரசின் பணம் பெறும் எந்தப் பணியிலும் நிற, இன வேறுபாடு கூடாது என்றது அதன் ஆறாம் பிரிவு. ஏட்டில் எழுதிவிட்டால் நாட்டில் நடந்துவிடுமா? பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பாகிப் பத்தாண்டு சென்ற பின்னும், தென்மாநிலக் கறுப்பினப் பிள்ளைகளுள் நூற்றுக்கு இருவர்கூட வெள்ளைப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கவில்லை. மருத்துவமனைகளும் அவ்வாறே நாள் கடத்தியிருக்கும்.

கடத்தவொட்டாமல் செய்தது மெடிகேர் என்னும் திட்டம். அறுபத்தைந்து வயதைக் கடந்தோரின் மருத்துவமனைச் செலவை அரசின் காப்புறுதி ஏற்கும் இத்திட்டத்தை அமெரிக்க மருத்துவர் சங்கம் பல்லாண்டு எதிர்த்தது. பின்னாளில் அதிபரான ரீகன், நடிகராக இருந்த 1961-இல், இது பொதுவுடைமைக்கு வழிகோலும் என்று சங்கத்தின் பொருட்டு இசைத்தட்டில் பேசினார். கறுப்பின மருத்துவர்களின் தேசிய மருத்துவச் சங்கமோ திட்டத்தை ஆதரித்தது. 1965 ஜூலை 30-ஆம் நாள், முதியவரான ட்ரூமனின் ஊருக்கே சென்று அவர் முன்னிலையில் அதிபர் ஜான்சன் கையொப்பமிட்டார்.

அதன்பின் நிகழ்ந்தது பரபரப்பு மிக்கது. திட்டம் தொடங்கும் நாள் 1966 ஜூலை முதல் தேதி. நிறவேற்றுமையைக் கைவிடாத மருத்துவமனைக்கு ஒரு காசும் இல்லை என்று அரசு அறிவித்தது. ஆயிரக்கணக்கான மருத்துவமனைகளைச் சில மாதங்களில் ஆராய வேண்டும், ஆட்களோ இல்லை. பிற அலுவலகங்களிலிருந்து ஊழியர்களை இரவல் பெற்று, குறுகிய பயிற்சி தந்து அனுப்பினர். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நோயாளிகளை இடம் மாற்றிக் கலந்து படுக்கவைத்த மருத்துவமனைகளும் இருந்தன. அச்சூழ்ச்சியை ஆய்வாளர்க்கு மறைவாக உணர்த்தியவர்கள், அங்கே பணிபுரிந்த கறுப்பின ஊழியர்களும் ஊர்மக்களும் ஆவர். வேலையை மட்டுமின்றி உயிரையும் பணயம் வைத்து உண்மை உரைத்த அவர்களுள் பலரின் பெயர்களை நாம் அறியோம்.

குறித்த நாளில் 19 மில்லியன் முதியோர் காப்புறுதி பெற்றனர். சில நூறு மருத்துவமனைகள் நீங்கலாக ஏனையவை இணங்கிவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அச்சில மாதங்களிலேயே தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டவை. தங்கள் மனச்சான்று அவற்றை மாற்றியது என்று சொல்வதற்கில்லை. வரவிருந்த பணத்தை இழக்க எந்த நிர்வாகமும் துணியவில்லை என்பதே உண்மை. இழிவான காரணம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். மிசிசிப்பி மாநிலத்தில் வயிற்றுப்போக்காலும் நுரையீரல் அழற்சியாலும் மடிந்துவந்த கறுப்பினக் குழந்தைகளின் சாவு அடுத்த சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. அக்குழந்தைகளின் தாய்மார் காரணத்தின் தூய்மையை ஆராய்ந்திருப்பார்களா?

ஆயினும் குறைகள் உண்டு. மருத்துவர்களின் தனி மருந்தகங்கள் இவ்விதியிலிருந்து விலக்குப் பெற்றன. அதனால் இரண்டு வாயில், இரண்டு காத்திருப்பு அறை என்னும் வழக்கம் பல ஊர்களில் மேலும் சில காலம் நீடித்தது. அவ்விலக்கை நீக்கும் விதி 2024-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. கறுப்பின மக்கள் அரும்பாடுபட்டு நடத்திவந்த மருத்துவமனைகள் நோயாளிகளை இழந்து ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கறுப்பின மருத்துவர்களும் தாதியரும் நூற்றுக்கணக்கில் பயின்று வெளிவந்த செயின்ட் லூயிஸ் நகரத்து ஹோமர் பிலிப்ஸ் மருத்துவமனைகூட 1979-இல் மூடப்பட்டது. ஊர்மக்கள் தெருவில் இறங்கிப் போராடியும் பயனில்லை.

கிரீன்ஸ்பரோ வழக்கில் தோற்ற மருத்துவமனை ஒன்று 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. வழக்குத் தொடுத்த மருத்துவர்களுள் அப்போது உயிரோடு எஞ்சியிருந்தவர் ஆல்வின் பிளவுண்ட் ஒருவரே. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அவர் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டு, நான்கு மாதங்களுக்குள் மறைந்தார்.