எல்லோருக்குமான வண்டி

கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். 2015-இல் திறந்தது. 1886-ஆம் ஆண்டு பென்ஸ் வண்டியின் மாதிரி, ஃபோர்டு மாடல் டி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் என்று கார் பிறந்து வளர்ந்த கதையை ஒரு மணி நேரத்தில் நடந்தே படித்துவிடலாம். குடும்பம் குடும்பமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடிப்போன கதை வேறு. நாயுடுவை ஆளாக்கியது பஸ். இந்த ஊர் எப்படி பஸ் ஏறியது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

மற்ற நகரங்களில் இதற்கென்றே இடம் உண்டு. மும்பையில் ஆணிக் டிப்போவுக்குள் பெஸ்ட் நிறுவனம் தன் டிராம், பஸ் வரலாற்றை வைத்திருக்கிறது. கொல்கத்தாவில் 2014-இல் ஒரு டிராம் வண்டியையே ஸ்மரணிகா என்ற அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கோவையில் அந்தக் கதைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவது நாயுடுவின் வாழ்க்கைதான்.

1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, அதை வாங்குவதற்காகவே கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. 1920-இல் ஒரு மோட்டார் பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் முருகன். கூட்டத்துக்கு என்றைக்கும் பஞ்சமில்லாத ரூட்! அந்த ஒரு வண்டியிலிருந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் வளர்ந்தது. பிற்பாடு வந்த எலெக்ட்ரிக் மோட்டார், ரேசர், தொழிற்கல்வி நிறுவனம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது பஸ் டிக்கெட்டில் சேர்ந்த சில்லறை.

இவர் தனியாளும் இல்லை. 1912-லேயே டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் தொழிலில் இறங்கிவிட்டார். 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் கம்பெனியைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் வரிசையாக முளைத்தன. மில் என்றால் ஷிப்ட், ஷிப்ட் என்றால் சங்கு. சங்கு ஊதுவதற்குள் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சூரியனைப் பார்த்து வேலைக்குப் போன ஊரை மணி பார்த்துப் போக வைத்ததில் பஸ்ஸுக்கும் பங்குண்டு.

இதுவரைக்கும் உள்ள கதையை ஒரு ஹாலில் அடுக்கிவிடலாம். இஞ்சின், ஹாரன், பழைய டிக்கெட், முதலாளிகளின் படம். ஆனால் நான் என்ஜினியர், எந்த சிஸ்டத்தைப் பார்த்தாலும் அதில் யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றும். யார் ஓட்டினார்கள் என்பதோடு, யார் ஏறினார்கள், யாரை ஏறவிடவில்லை என்பதும் பஸ்ஸின் வரலாறுதானே?

'பஸ்' என்பது ஆம்னிபஸ் என்ற லத்தீன் சொல்லின் வால். 'எல்லோருக்கும்' என்று பொருள். ஆனால் எல்லோருக்குமான வண்டி எங்கேயும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. 1662-இல் பாரிஸில் குறிப்பிட்ட வழியில், குறிப்பிட்ட கட்டணத்துக்கு ஓடும் குதிரை வண்டிகளை அறிமுகப்படுத்தியவர் பாஸ்கல். ஆமாம், நாம் பிசிக்ஸில் படித்த அதே பாஸ்கல். ஐந்து சூ கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பது திட்டம். பாரிஸ் நீதிமன்றம் குறுக்கே வந்தது: சிப்பாய்கள், வேலையாட்கள், கைத்தொழில் செய்பவர்கள் ஏறக்கூடாது. ஏறக்கூடாதவர்கள் பட்டியலோடுதான் உலகின் முதல் 'டவுன் பஸ்' ஓடியது. சில ஆண்டுகளில் நின்றும் போனது.

நம் ஊரில் அந்தப் பட்டியல் சாதி. சென்னை மாகாணத்தில் பஸ் வந்த காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களைப் பல வண்டிகளில் ஏற்ற மறுத்தார்கள். சில கம்பெனிகள் அதை டிக்கெட்டிலேயே அச்சிட்டிருந்ததாகச் சுயமரியாதை இயக்கத்தவர் எழுதியிருக்கிறார்கள். வண்டி மட்டுமா, அது ஓடும் ரோடே பிரச்சினைதான். பொதுத்தெருவில், பொதுவழியில் யாரும் நடக்கலாம் என்று சொல்வதற்கே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது.

பஸ்ஸுக்குள் இருந்த தடையை உடைத்ததில் முக்கியமான பெயர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை பாண்டி பஜார் இவர் பெயரால் வந்ததுதான். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். முதலாளியின் மனசு மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வண்டி ரோட்டில் இறங்க எந்தக் காகிதம் தேவையோ அந்தக் காகிதத்தில் கை வைத்தார். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டு பஸ் வரலாற்றின் மிக நுட்பமான பொறியியல் வேலை இதுதான்.

ஏறுவது ஒன்று, உட்காருவது இன்னொன்று. சின்ன வயதில் என் அம்முச்சியோடு பஸ்ஸில் போவேன். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். "எந்த ஊரு அம்மிணி?" ஊர் தெரிந்ததும், "ஊருக்குள்ள எங்க? யாரு ஊட்டுப் புள்ள?" கொங்கில் இதற்கு அர்த்தம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் மில்லுக்குப் போகிற அக்கா ஒருவர் சோற்றுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் சிங்காநல்லூர்ல எறங்கிக்குவனுங்க" என்று மட்டும் சொன்னார். அம்முச்சி விடாமல் திரும்பக் கேட்டார். "சிங்காநல்லூருங்க." அதற்குள் அடுத்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறி நெருக்கியதில் இரண்டு பேர் தோளும் ஒட்டிக்கொண்டன. அதே அம்முச்சி வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்க வைத்துப் பேசி அனுப்பும் ஆட்கள் இருந்தார்கள். பஸ்ஸில் அவருக்கு அந்த வசதி இல்லை. அவரை பஸ் திருத்தியது என்று சொல்ல மாட்டேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை அந்த அக்காவுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தது.

1972-இல் தனியார் வழித்தடங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டபோது கோவைக்குச் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், தஞ்சைப் பக்கம் சோழன். 1983-இல் சேரனிலிருந்து பிரிந்து ஈரோட்டுக்கு ஜீவா. மன்னர் பெயர் இருக்கும் வரை யாருக்கும் வலிக்கவில்லை. 1997-இல் விருதுநகரில் புதிய கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரகுலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது. தென்மாவட்டங்களில் கலவரம் நடந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக்கியது. மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்கள் பெயரும் போனது. இங்கே பெரிசுகள் இன்னமும் கவர்மென்ட் பஸ்ஸைச் 'சேரன்' என்று சொல்வார்கள். பழைய பாசம் என்றுதான் எனக்கும் பட்டிருந்தது. ஒரு தலித் வீரனின் பெயரைத் தாங்க முடியாமல்தான் சேரன் பெயரும் அழிந்தது என்பதை இங்கே யாரும் ஞாபகமாகச் சொல்வதில்லை.

கதவு பிறகும் திறந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அடுத்த ஆண்டே 'ஓசி' என்ற ஒற்றைச் சொல்லை வைத்து ஊரெல்லாம் சண்டை. பாஸ்கல் காலத்துக் கேள்விதான்: இவர்களெல்லாம் இதில் ஏறலாமா? வீட்டில் யாரிடமும் பத்து ரூபாய் கேட்காமல் ஆஸ்பத்திரிக்கோ, வேலைக்கோ, அம்மா வீட்டுக்கோ கிளம்பிப் போகும் பெண்களுக்கு அது ஓசி இல்லை.

2025 அக்டோபரில் அதே அவிநாசி ரோட்டின் மேல் உப்பிலிபாளையம் முதல் கோல்ட்வின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு பெயர். தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லும் அரசாணை வந்த அதே நாட்கள். 'நாயுடு' இருக்கலாமா என்று விவாதம் நடந்தது. அதை எடுத்துவிட்டால் யாரென்று தெரியாதே என்ற பதிலும் வந்தது. நியாயம்தான், அவரை வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் பெயரோடு ஒட்டிய சாதி ஒருவருக்கு முகவரியாகிறது, பெயரில் சாதியே இல்லாத இன்னொருவரின் பெயர் பஸ்ஸில் எழுதியதற்காகக் கலவரம் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பஸ் ஓட்டி மேலே வந்தவரின் பெயர் கொண்ட பாலத்தில் கார்கள் நிற்காமல் பறக்கின்றன. கீழே டவுன் பஸ் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று ஆள் ஏற்றுகிறது.

கோவையில் என்றைக்காவது பஸ்ஸுக்கு ஒரு அருங்காட்சியகம் வந்தால், நாயுடு 1920-இல் ஓட்டியது போன்ற வண்டி ஒன்று வாசலில் நிற்கட்டும். உள்ளே சௌந்தரபாண்டியனின் உத்தரவு, பக்கத்தில் பெயர் அழித்த சேரன் பலகை, பெண்களுக்குக் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் காசில்லா டிக்கெட். கூடவே காந்திபுரத்தில் சாயங்கால நேரத்துக் கண்டக்டர் குரலைப் பதிவு செய்து ஓடவிட வேண்டும். "உள்ள போங்க, உள்ள போங்க, எடமிருக்குதுங்க."