துவக்கின் குரலும் சட்டத்தின் செவியும்



வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கி வடக்கே செல்வோர் சிறிது தூரத்தில் ஓமந்தையை அடைவர். குளமும் வயலும் கண்ணுக்குத் தெரியும். அவற்றுக்கு அப்பால் காடு தொடங்கும். பெரும்போக நெல் முற்றும் காலத்தில், இரவு முழுவதும் காவற்கொட்டிலில் விழித்திருக்கும் கமக்காரன் இருளை நோக்கி ஒரு வெடி வைப்பது வன்னியின் பழைய வழக்கம். அவ்வெடி பன்றியின் மேற் பட வேண்டும் என்பதில்லை. பன்றியின் காதில் விழுந்தாற் போதும்.

அவ்வோசையை அடக்குவதற்கென்றே ஒரு கருவி உண்டு. சைலன்சர் என மக்கள் வழங்கும் ஒலிதணிப்பான் அது. வேட்டைக்காரன் ஒருவன் அதனை வைத்திருக்கலாமா? அதற்கு எவ்வளவு வரி செலுத்த வேண்டும்? பிற நாடுகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடைபெறும் இவ்வழக்கு, வன்னிக் காட்டுக்கும் அந்நியமானதன்று.

இக்கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்தவர் ஹைரம் பேர்சி மாக்சிம். 1909ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியை உலகுக்கு அளித்த மாக்சிமின் மைந்தரே இவர். தந்தை வெடியின் வேகத்தைப் பெருக்கினார். மைந்தர் அதன் ஓசையைக் குறைத்தார். குழலின் நுனியிற் பொருத்தப்படும் இக்கருவி, வெடித்தெழும் வாயுவைச் சிற்றறைகளில் தடுத்து, ஆறவிட்டு வெளியேற்றுகின்றது. எனினும் ஓசை முற்றாக மறைவதில்லை. சுமார் இருபது முதல் முப்பது டெசிபல் வரை குறையும், அவ்வளவே. ஒலியினும் விரைந்து செல்லும் சன்னம் காற்றைக் கிழிக்கும் ஓசையை எக்கருவியும் தடுக்க இயலாது.

1934இல் ஐக்கிய அமெரிக்கா இயந்திரத் துப்பாக்கிகளோடு இதனையும் ஒரே சட்டத்துள் அடக்கிற்று. ஒவ்வொன்றும் பதியப்படல் வேண்டும். கைமாறுந்தோறும் இருநூறு டொலர் வரி செலுத்தப்படல் வேண்டும். அந்நாளில் இத்தொகை கருவியின் விலையைப் போற் பல மடங்கு. தடை என்று சொல்லாமலே தடுக்கும் வழி இது. அத்தொகை தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மாறாதிருந்தமையால், பணத்தின் மதிப்புக் குறையக் குறைய வரியின் பாரமும் குறைந்தது. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 சனவரி 1 முதல் அவ்வரியை நீக்கிற்று, பதிவோ நீடிக்கின்றது. நோர்வே, பின்லாந்து முதலிய நாடுகளிலோ, வேட்டைக்காரர் தம் செவியையும் அயலாரின் அமைதியையும் காக்கும் பொருட்டு இதனைச் சாதாரணமாகவே பயன்படுத்துகின்றனர். ஒரே கருவி, ஓரிடத்திற் கள்வனின் துணை, மற்றோரிடத்திற் காதின் காவல்.

இனி நம் நாட்டை நோக்குவோம். காட்டு விலங்கைக் கொல்வதற்கு அரசாங்கமே பரிசு கொடுத்த காலம் ஒன்று இங்கிருந்தது. 1848இற்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500இற்கு மேற்பட்ட யானைகளுக்காக வெகுமதி வழங்கப்பட்டது என எமர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். பின்னர் காற்றுத் திசை மாறிற்று. யானைகளை வீணே அழிப்பதைத் தடுக்க 1891இல் ஒரு சட்டமும், வேட்டை விலங்குகளின் பாதுகாப்புக்கென 1909இல் மற்றொன்றும் தோன்றின. மாக்சிம் காப்புரிமை பெற்ற அதே ஆண்டு அது. 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம் துவக்கை உரிமப் பத்திரத்துக்குள் கொணர்ந்தது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒழுங்குக்குள் கொணர்ந்தது.

உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கட்டணம் சிறிதாயினும், கமக்காரனின் செலவு கட்டணத்தோடு முடிவதில்லை. கச்சேரிக்குப் போகும் நாட்கூலி, வழிச்செலவு, மருந்து, ஈயம் ஆகிய யாவும் அவன் கணக்கிலேயே ஏறும். ஆதலால் உரிமம் பெற்ற துவக்கோடு, கிராமத்துக் கொல்லன் ஆக்கிய இடியன் துவக்கும் காட்டோரங்களில் இரகசியமாக வாழ்ந்தது. சட்டத்தின் வழி ஏழைக்கு நெடிதானால், அவன் குறுக்குவழியைத் தேடுவான் என்பதற்கு இது சான்று.

அக்குறுக்குவழியின் கொடிய முடிவே கட்டுத்துவக்கு. காட்டுத்தடத்தில் ஒரு குழலை நிறுத்தி, விசையிற் கயிற்றைப் பிணைத்து, மனிதன் வீடு சென்று உறங்குகின்றான். பன்றிக்கென்று கட்டிய கயிற்றிற் சிறுத்தையின் காலும் படும். விறகுக்கும் தேனுக்கும் செல்பவனின் காலும் படும். கயிறு ஆள் அறியாது. சட்டம் இதனை விலக்கியிருந்தும் இவ்வழக்கம் அடியோடு ஒழியவில்லை.

ஒலிதணிப்பானையும் கட்டுத்துவக்கையும் சட்டம் ஐயத்தோடு நோக்குவதன் காரணம் ஒன்றே. ஒன்று குரலை மறைக்கின்றது. மற்றொன்று ஆளையே மறைக்கின்றது. வெடியோசை கேட்டால், யார் வைத்த வெடி என்று ஊர் கேட்கும், விதானையார் கேட்பார். அக்கேள்விக்கு விடை கூற ஒருவன் இருத்தல் வேண்டும் என்பதே உரிமப் பத்திரத்தின் உட்பொருள்.

மானும் மரையும் இன்று சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றை வெடிவைத்தல் குற்றம். எனவே வேட்டையின் பெயரால் ஓசையை அடக்க விரும்புவோனுக்கு இங்கே நேர்மையான தேவை ஏதும் இல்லை. பயிர் காப்போனுக்கு வேண்டுவதோ ஓசையே. யானைகளை விரட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடி இதனை நன்கு விளக்கும். அது வெறும் ஓசை; உயிர் வாங்காத ஓசை.

ஓமந்தை வேறு வெடியோசைகளையும் கேட்ட ஊர். போர்க்காலத்தில் அங்கே சோதனைச்சாவடி நின்றது. போர் 2009இல் முடிந்தது. ஆனால் யானையும் பன்றியும் வயலுக்கு வருவது முடியவில்லை. பயிரைக் காக்கும் உரிமை கமக்காரனுக்கு உண்டு. அவ்வுரிமையை அவன் வெளிப்படையாகவும் குறைந்த செலவிலும் பெறுமாறு செய்வது ஆள்வோர் கடன். அது நிறைவேறும் நாளிலே, காட்டுத்தடத்திற் கட்டிய கயிறுகளும் தாமே அவிழத் தொடங்கும்.