தாயுமானவரும் ஆறாயிரம் ரூபாய் கிளாஸும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல ஏன் இவ்வளவு மூச்சு வாங்குதுன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. எனக்கு ஏழாவது மாசம் நடக்குது. மைக்கைக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கேன், பொறுத்துக்கோங்க.

போன செக்கப் முடிஞ்சு பில் கட்டும்போது கவுன்ட்டர்ல ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க. கர்ப்பிணிகளுக்கான வகுப்பு. ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறாயிரம் ரூபாய், கணவருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட காட்டினேன். அம்மா ஊர் லால்குடி, வளைகாப்புக்கு நாள் பார்க்கறதுக்காக ஸ்ரீரங்கம் வந்திருந்தாங்க. நோட்டீஸை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, "பெத்துக்கறதுக்கும் டியூஷனா?"ன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர், "நாம பார்த்து வச்ச ஸ்ட்ரோலரை விட இது கம்மிதான்"னார். ரெண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் பட்டது. எனக்குக் குழப்பம் வந்தா பழைய கதையைத் தோண்டுவேன்னு உங்களுக்குத் தெரியும். தோண்டினேன்.

ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு இந்த விஷயத்தை எங்கேயும் தொலைவுல தேட வேண்டாம். காவிரிப் பாலத்துல ஏறினா எதிரே மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையாருக்கு 417 படி ஏறி மூச்சு வாங்கியிருப்பீங்க. போற வழியில இருக்கிற தாயுமானவர் சன்னதியைப் பாதிப் பேர் அவசரத்துல தாண்டிப் போயிடறோம். அந்தப் பெயருக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு பிரசவக் கதை.

ரத்னாவதின்னு ஒரு செட்டிப்பெண், திருச்சிக்கு வாக்கப்பட்டவ. தலைப்பிரசவம். துணைக்கு அம்மா வரணும். அம்மா கிளம்பியும் வந்துட்டாங்க, ஆனா காவிரியில வெள்ளம். அக்கரையிலேயே நிக்கிறாங்க. இங்கே மகளுக்கு வலி எடுத்துடுச்சு. அவ சிவனை வேண்ட, சிவன் அந்த அம்மாவோட உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்து, குழந்தையையும் தாயையும் கவனிச்சுக்கறார். வெள்ளம் வடிஞ்சு நிஜ அம்மா வந்து சேர்றாங்க. வீட்டுக்குள்ள ரெண்டு அம்மா! அப்புறம்தான் வந்தது யாருன்னு புரியுது. தாயும் ஆனவர், தாயுமானவர். இன்னைக்கும் சுகப்பிரசவம் ஆகணும்னு வேண்டிக்கிட்டு வாழைத்தார் கட்டறவங்க உண்டு. சித்திரைத் திருவிழாவுல இந்தக் கதையை நடத்திக் காட்டுவாங்க. அதுக்குப் பெயர் 'செட்டிப்பெண் மருத்துவம்'.

அந்த 'மருத்துவம்'கிற சொல்லைக் கவனிங்க. நமக்கு மருத்துவம்னா எம்.பி.பி.எஸ். ஆனா நம்ம பாட்டிகள் பேச்சுல 'மருத்துவம் பார்த்தா'ன்னா பிரசவம் பார்த்தான்னு அர்த்தம். மருத்துவச்சின்னா பிரசவம் பார்க்கிற பெண். சாமியே வந்து பார்த்த வேலை அந்த மருத்துவச்சி வேலைதான். நிஜ வாழ்க்கையில அந்த வேலையைப் பார்த்தவங்களை ஊர் எப்படி நடத்துச்சுங்கிறது வேற கதை. பல ஊர்கள்ல நாவிதர் சமூகத்துப் பெண்கள்தான் மருத்துவச்சிகள். நடு ராத்திரியில கூப்பிட்டா வரணும். ரத்தத்தையும் தீட்டையும் அவங்கதான் சுத்தம் பண்ணணும். குழந்தை பிறந்ததும் நெல்லோ புடவையோ கொஞ்சம் காசோ குடுத்து அனுப்பிடுவாங்க. மத்த நாள்ல வாசலோடு சரி.

"அந்தக் காலத்துல எல்லாம் இலவசமா வீட்டுப் பெரியவங்களே சொல்லிக் குடுத்தாங்க"ன்னு யாராவது சொன்னா, எனக்கு அந்த மருத்துவச்சி ஞாபகம் வருது. அந்த அறிவுக்கும் அப்போ கூலி இருந்தது. ரொம்பக் குறைவான கூலி, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தை ரொம்பப் பாதுகாப்பானதாகவும் நினைச்சுக்க வேண்டாம். நம்ம பக்கத்துல வைத்தியசாலைங்கிறது பழைய விஷயம். ஸ்ரீரங்கம் கோயில் தன்வந்திரி சன்னதியோட சேர்ந்த ஆரோக்கியசாலையைப் பத்தி 1493-ஆம் வருஷக் கல்வெட்டு பேசுது. ஆந்திராவுல மல்காபுரம் கல்வெட்டு, 1261-ஆம் வருஷத்தது, 'பிரசூதி சாலை'ன்னே ஒண்ணைச் சொல்லுது. இருந்தாலும் பெரும்பாலான பிரசவம் வீட்டு இருட்டறையிலதான் நடந்தது. சென்னை எழும்பூர்ல பிரசவ ஆஸ்பத்திரி 1844-லயே வந்துடுச்சு. ஆண் டாக்டர் தொடக் கூடாதுன்னு நினைச்ச வீடுகளுக்கு அது இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனாலதான் 1885-ல பெண்களுக்குன்னே, கோஷாப் பெண்களும் வரக்கூடிய ஆஸ்பத்திரி திறந்தாங்க. அதுதான் இன்னைக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி.

வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கின ஐடா ஸ்கடர் கதையை நிறைய பேர் கேட்டிருப்பீங்க. 1890-கள்ல திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டு ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்துல தவிக்கிற மனைவிக்கு உதவி கேட்கறாங்க. ஐடா அப்போ டாக்டர் இல்லை, டாக்டரோட மகள். அப்பா வரட்டும்னு சொன்னா, ஆண் வேண்டாம்னு திரும்பிப் போயிடறாங்க. காலையில மூணு பேருமே உயிரோடு இல்லை. அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் அவங்க மருத்துவம் படிக்கப் போனாங்க. மருத்துவச்சிகளைப் பதிவு பண்ற சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது 1926-ல.

இதுக்கு ஏழு வருஷம் கழிச்சு, 1933-ல, இங்கிலாந்துல கிரான்ட்லி டிக்-ரீட்னு ஒரு டாக்டர் இயற்கைப் பிரசவம் பத்தி ஒரு புத்தகம் எழுதறார். பயம் வந்தா உடம்பு இறுகும், இறுகினா வலி கூடும், வலி கூடினா பயம் இன்னும் கூடும். முன்னாடியே விளக்கிச் சொல்லி, மூச்சு விடக் கத்துக் குடுத்தா இந்தச் சுழல் உடையும். இன்னைக்கு நடக்கிற பல பிரசவ வகுப்புக்கும் வேர் இதுல இருக்கு. யோசனை நல்லதுதான். ஆனா நாகரிகம் தொடாத நாட்டுப் பெண்கள் வலியில்லாம சுலபமாப் பெத்துக்கறாங்கன்னும் அவர் நம்பினார். திண்டிவனத்துல ஒரு ராத்திரி தங்கியிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டார்.

அடுத்த கிளை சோவியத் யூனியன்ல. பாவ்லோவ் தெரியும்ல, மணியடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும், அவர்தான். அவரோட கோட்பாட்டை வச்சு, வலியை மூளை எப்படி எடுத்துக்கறதுங்கிறதைப் பயிற்சியால மாத்தலாம்னு அங்க சில டாக்டர்கள் ஒரு முறையை உருவாக்கினாங்க. 1951-ல அதைப் போய்ப் பார்த்துட்டு வந்தவர் ஃபெர்னான் லமாஸ், பாரிஸ் டாக்டர். இப்போ திருச்சியில நோட்டீஸ்ல போடற 'லமாஸ் கிளாஸ்' இவர் பெயர்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். லமாஸ் அந்த வகுப்பை நடத்தின ஆஸ்பத்திரி உலோகத் தொழிலாளர் சங்கத்தோடது. நம்ம ஊர்க் கணக்குல சொன்னா பெல்லும் பொன்மலை ஒர்க் ஷாப்பும் சேர்ந்து நடத்தற ஆஸ்பத்திரின்னு வச்சுக்கோங்க. வெல்டர், ஃபிட்டர் வீட்டுப் பெண்கள்தான் முதல் மாணவிகள். லமாஸ்கிட்ட பிள்ளை பெத்துக்கிட்ட மார்ஜரி கார்மெல்னு ஒரு அமெரிக்கப் பெண், ஊருக்குப் போய் 1959-ல அதைப் பத்திப் புத்தகம் போட்டாங்க. 1960-ல எலிசபெத் பிங்கும் அவங்களும் சேர்ந்து அமெரிக்காவுல ஒரு சங்கம் தொடங்கினாங்க. அங்கதான் இது மத்தியதர வர்க்கம் ஃபீஸ் கட்டிப் போற வகுப்பா மாறுது. தொழிற்சங்க ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச விஷயம், ஏசி ஹால், யோகா மேட், சர்டிஃபிகேட்னு சுத்தி நம்ம தில்லைநகர் பக்கம் வந்து சேர்ந்திருக்கு.

சரி, பலன் உண்டா? 2007-ல காக்ரேன் குழு இந்த வகுப்புகள் பத்தின ஆய்வுகளைத் தொகுத்தாங்க. 9 ஆய்வு, 2,284 பெண்கள். முடிவு: நிச்சயமா இதுதான் பலன்னு எதையும் சொல்ல முடியலை. அப்புறம் 2016-ல சிட்னியில ஒரு ஆய்வு, 176 பேர், எல்லாம் முதல் பிரசவம். ரெண்டு நாள் பயிற்சி, கணவரோ துணையோ கூடவே உட்காரணும், அவங்களுக்கும் வேலை உண்டு. பயிற்சி எடுத்தவங்கள்ல எபிடியூரல் கேட்டவங்க சுமார் 24 சதவீதம், எடுக்காதவங்கள்ல 69. சிசேரியன் 18-க்கு 33. சின்ன ஆய்வுதான், வேற ஊர், வேற ஆஸ்பத்திரிப் பழக்கம். ஆனா தூக்கிப் போடற எண் இல்லை.

இதைவிடப் பெரிய ஆதாரம் வேற ஒண்ணுக்கு இருக்கு. 2017 காக்ரேன் தொகுப்பு: 26 ஆய்வு, 17 நாடு, 15,000-க்கு மேல பெண்கள். பிரசவ வலி நேரம் முழுக்க ஒருத்தர் கூடவே இருந்தா சிசேரியன் ஏறக்குறைய கால்வாசி குறையுது, வலி நேரமும் கொஞ்சம் குறையுது. யாராவது ஒருத்தர், கையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி குடுத்துக்கிட்டு, "இதோ ஆச்சு"ன்னு சொல்லிக்கிட்டு. அதைப் படிச்சப்போ நான் லேப்டாப்பை மூடிட்டு ஜன்னல் வழியா மலைக்கோட்டையைத்தான் பார்த்தேன். ரத்னாவதி கேட்டதும் அதானே.

நம்ம மாநிலக் கணக்கையும் பார்த்துடலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல சிசேரியன் 44.9 சதவீதம். அரசு ஆஸ்பத்திரியில 36, தனியார்ல 63.8. தேவைப்படற சிசேரியன் உயிரைக் காப்பாத்தும், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா தனியார்ல மூணுல ரெண்டு பேர்கிட்ட நெருங்குதுன்னா, உங்க மூச்சுப் பயிற்சி மட்டும் எவ்வளவு தடுத்துடும்? அந்த ஆஸ்பத்திரியோட பழக்கம் என்னங்கிறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

அதனால நோட்டீஸ் குடுத்த கவுன்ட்டருக்கே போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வலி எடுத்தா உள்ள என்கூட யார் இருக்கலாம்?" அட்டெண்டருக்கு அனுமதி இல்லை, வெளியில வெயிட்டிங் ஹால் இருக்கு, டிவி எல்லாம் உண்டுன்னாங்க. ஆறு வாரம் கணவருக்குக் கையைப் பிடிக்கக் கத்துக் குடுத்துட்டு, அன்னைக்கு அவரை டிவி முன்னாடி உட்கார வைக்கறாங்க!

அரசு ஆஸ்பத்திரியில இந்த விஷயம் வேற மாதிரி. பிரசவ அறையில பெண் துணை ஒருத்தர் இருக்கலாம்கிற ஏற்பாடு தமிழ்நாட்டுல 2000-கள்லயே வந்துடுச்சு. 2016-ல மத்திய அரசும் அதைச் சொல்லுச்சு: பிள்ளை பெத்த அனுபவம் உள்ள பெண்ணா இருக்கணும், மறைவு வசதி இருக்கிற இடத்துல கணவரும் இருக்கலாம். அதே வருஷம் மாசா மாசம் 9-ஆம் தேதி இலவசப் பரிசோதனை நாளும் வந்தது. அங்கன்வாடி மூலமா சமுதாய வளைகாப்பு 2013-லிருந்து நடக்குது. அஞ்சு வகைச் சாப்பாட்டோட, என்ன சாப்பிடணும், எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னும் சொல்லித் தர்றாங்க. நான் உட்பட, தனியார்ல காட்டற நிறைய பேர் இதை எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை.

நான் என்ன பண்ணினேன்னு கேட்பீங்க. ஆறு வார வகுப்புல சேரலை. ஆஸ்பத்திரியை மாத்திட்டேன். புது இடத்துல துணைக்கு ஒருத்தரை விடறாங்க, டாக்டர் நான் கேட்கிறதுக்கு உட்கார்ந்து பதில் சொல்றாங்க. அவங்களே ஒரு ஞாயிறு மட்டும் வகுப்பு நடத்தறாங்க, எண்ணூறு ரூபாய். நிஜ வலி எது, பொய் வலி எது, பனிக்குடம் உடைஞ்சா என்ன பண்ணணும், பால் குடுக்க எப்படிப் பிடிக்கணும். அதுக்குப் பணம் கட்டினேன். ஊர்ல அம்மா துணை இல்லாதவங்க, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, பயத்துல தூக்கமே வராதவங்க ஆறு வாரம் போனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கட்டறதுக்கு முன்னாடி அந்தப் போனைப் பண்ணிடுங்க. வகுப்புல பாதி நேரம் ஸ்டெம்செல் பேங்க் விளம்பரம் ஓடுதான்னும் விசாரிங்க.

அந்த ஞாயிறு வகுப்புக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க. உள்ள போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி அவங்கதான் கேட்டாங்க: "நான் எந்தப் பக்கம் நிக்கணும்?" அப்புறம் வீட்டுக்கு வந்து, லால்குடியிலிருந்து வர ஆறு தாண்டணும், 2022 கடைசியில காவிரிப் பாலத்தை ரிப்பேருக்கு மூடின மாதிரி மூடிட்டா என்ன பண்றதுன்னு கணக்குப் போட்டு, ஒன்பதாவது மாசம் பிறந்ததுமே இங்க வந்து தங்கிடறதா முடிவு பண்ணிட்டாங்க. வளைகாப்பு முடிஞ்சு நான்தான் அம்மா வீட்டுக்குப் போகணும், அம்மா இங்க வர்றது முறையில்லைன்னு பெரியம்மா போன்ல சண்டை. அது இன்னும் ஓயலை.

அடுத்த எபிசோட் எப்போன்னு தேதி சொல்ல முடியாது, காரணம் உங்களுக்கே தெரியும். உங்க வீட்டுல மருத்துவச்சி பார்த்த பிரசவம் பத்திப் பாட்டி சொன்ன கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்பி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்க எனக்கு நேரம் இருக்கும்.