டன்சினன் தோட்டத்து நாற்பதாண்டுகள்: பற்களின் ‘இயற்கை வரலாறு’ பற்றி ஒரு நோக்கு

ஈழத்து மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியின் வீழ்ச்சியையும் தேயிலையின் எழுச்சியையும், கங்காணி முறையையும் குடியுரிமைச் சட்டங்களையும் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். லயக் காம்பராக்களின் நீள அகலமும், பெரட்டுக் களத்தில் குறிக்கப்பட்ட நாட்கூலியும் ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆனால் தொழிலாளரின் உடலைப் பற்றிய வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அதிலும் வாயும் பல்லும் வரலாற்றுக்குரிய பொருள்களாகுமா என ஐயுறுவோரே மிகுதி. எனினும், பிறநாடுகளின் பல்மருத்துவ மாணவர் தம் பாடநூல்களில் மலையகத் தொழிலாளரைச் சந்திப்பது அவர்தம் பற்களின் பொருட்டே என்பது பலரும் அறியாத செய்தி. இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடையெலும்பில் உலோக வேரைப் பதிக்கும் சிகிச்சை இன்று பெருநகரங்களெங்கும் பேசப்படுகின்றது. பல் ஏன் இழக்கப்படுகின்றது என்பதற்கான விடையின் ஒரு பெரும்பகுதியோ பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலை மலைகளிலிருந்து கிடைத்தது.

அவ்வாராய்ச்சியின் முதல்வர் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ (1926-2008). டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் அவரும் துணைவரும் செய்த சோதனையொன்று 1965இல் வெளிவந்தது. நலமான முரசுடைய பன்னிருவர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் அனைவரது முரசும் வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழற்சி தணிந்தது. பல்லின்மேற் படியும் கிருமிப் படலமே முரசு நோய்க்குக் காரணம் என்பது இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. சோதனை மிக எளியது. அதன் வலிமையும் அந்த எளிமையிலேதான் இருந்தது.

ஆயின் மூன்று வாரம் வேறு, முப்பதாண்டு வேறு. முரசின் வீக்கம் வாழ்நாள் முழுவதும் தணியாதிருந்தால் பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் என்னவாகும்? அழற்சியுற்ற முரசு எல்லார்க்கும் ஒரே விதமாய்ப் பல்லிழப்பில் முடியும் என்பதே அக்காலத்திற் பரவலாக நிலவிய கருத்து. அதனைச் சோதிக்க இருவகை மக்கள் தேவைப்பட்டனர். முதல் வகையினரை ஒஸ்லோவிலே கண்டுகொண்டனர். குழந்தைப் பருவந்தொட்டு ஆண்டுதோறும் பற்சிகிச்சை பெற்று வளர்ந்த மாணவரும் கல்விமான்களுமாகிய 565 ஆடவர் 1969இல் பரிசோதிக்கப்பட்டனர். பல்மருத்துவரையே காணாத, பல் துலக்கும் வழக்கமற்ற இரண்டாம் வகையினரை ஐரோப்பாவிற் காண்பது அரிது. 1970இல் டன்சினன், ஹரோ ஆகிய தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர் அவ்வகையினராகத் தெரிவு செய்யப்பட்டனர். டன்சினன் என்பது சேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்துக் குன்றின் பெயர். ஹரோ இங்கிலாந்தின் புகழ்பெற்ற பாடசாலை ஒன்றைக் கொண்ட ஊரின் பெயர். தோட்டங்களுக்குத் துரைமார் சூட்டிய பெயர்களைத் தாங்கிய மலைகளில், தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் வாய் திறந்து காட்டி நின்றனர்.

கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். ஒஸ்லோக் குழுவைப் போலவே இக்குழுவும் ஆண்களை மட்டுமே கொண்டது. ஆகவே தோட்டத்தின் உழைப்பிற் பெரும்பங்கைச் சுமந்தவர்களின் வாய் இந்த அளவீட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

1970ஐ அடுத்து 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் ஆய்வாளர் மீண்டும் மீண்டும் தோட்டங்களுக்கு வந்தனர். பல்லைப் பற்றியிருக்கும் நார் எவ்வளவு கீழிறங்கியுள்ளது என்பதை மெல்லிய கருவியால் மில்லிமீற்றர் கணக்கில் அளந்தனர். நாற்பது வயதை அணுகும் ஒஸ்லோ மனிதனுக்கு இவ்விழப்பு சராசரியாக 1.5 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டியிருந்தது. அதே வயதுத் தோட்டத் தொழிலாளிக்கு அது 4.5 மில்லிமீற்றர். இவ்வேறுபாடு எதிர்பார்க்கப்பட்டதே. எதிர்பாராதது 1986இல் வெளிவந்த கட்டுரையிற் கூறப்பட்டது. தொழிலாளர் அனைவரது பற்களிலும் கிருமிப் படலமும் பற்காரையும் கறையும் ஒரே விதமாய்த் திரண்டிருந்தன. ஏறத்தாழ எல்லா முரசுகளும் அழற்சியுற்றிருந்தன. இருந்தும், நூற்றுக்கு 8 பேருக்கே நோய் விரைந்து பரவியது. 81 பேருக்கு மெதுவாக முன்னேறியது. மீதி 11 பேருக்கோ வீக்கம் வீக்கமாகவே நின்றது. எலும்பை அது தொடவில்லை. முதல் வகையினர் இருபது வயதளவிற் பல்லை இழக்கத் தொடங்கி நாற்பத்தைந்தில் ஒன்றும் எஞ்சாதவராயினர். கடை வகையினர் துலக்காமலே பல்லைக் காத்துக்கொண்டனர். பற்சூத்தையோ இம்மக்களிடம் இல்லை என்னுமளவுக்கு அரிதாயிருந்தமையால், பல்லிழப்பின் பழியை அதன்மேற் சுமத்த வழியில்லை.

முரசு நோய் பற்றிய சிந்தனையைத் திருப்பிய கண்டுபிடிப்பு இது. கிருமி மட்டும் போதாது, அதனை எதிர்கொள்ளும் உடலின் இயல்பும் நோயைத் தீர்மானிக்கின்றது என்ற கருத்துக்கு இவ்வளவு தெளிவான மக்கட் சான்று அதற்குமுன் கிடைத்ததில்லை. யாரைக் கூர்ந்து கவனிக்க வேண்டும், யாருக்குச் சாதாரணக் கவனிப்பே போதும் என்ற வினா சிகிச்சையின் மையத்துக்கு வந்தது.

இவ்வாய்வுத் தொடருக்கு இடப்பட்ட பெயர் ‘மனிதரில் முரசு நோயின் இயற்கை வரலாறு’ என்பதாகும். சிகிச்சையின் தலையீடின்றி நோய் தன்போக்கில் செல்வதைக் குறிக்கும் மருத்துவக் கலைச்சொல் அது, அதில் தவறில்லை. ஆனால் வரலாற்று மாணவன் அச்சொல்லைக் கடந்து செல்ல இயலாது. டன்சினனில் பல்மருத்துவர் இல்லாதிருந்தது மழை பெய்வது போன்ற இயற்கை நிகழ்ச்சியன்று. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த ஏற்பாடுகள் காய்ச்சல், வயிற்றோட்டம், பிரசவம் ஆகியவற்றை நோக்கியே அமைந்தன. உழைப்பை நிறுத்தும் நோயே கவனத்துக்குரிய நோயாயிற்று. ஆடும் பல்லுடன் கவ்வாத்து வெட்டலாம், உரமூடை சுமக்கலாம். எனவே பல் கணக்கில் வரவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றவராக்கியபின், தோட்டத்துக்கு வெளியிலுள்ள அரசாங்க வசதிகளைக் கேட்டுப் பெறும் குரலும் அடங்கியது. ஒஸ்லோ மாணவனின் பல் ஒரு நகரத்தின் சுகாதாரக் கொள்கை ஈன்றதென்றால், டன்சினன் தொழிலாளியின் பல்லும் ஒரு கொள்கை ஈன்றதே.

ஆய்வின் எண்களிலேயே இவ்வரலாறு பதிந்திருக்கின்றது. 1970இல் பரிசோதிக்கப்பட்ட 480 பேரில் 1985இல் எஞ்சியோர் 161 பேர். நீண்டகால ஆய்வுகளிற் பங்குபற்றுவோர் குறைவது இயல்பென்று புள்ளியியலாளர் கொள்வர். மலையகத்தை அறிந்தவர்க்கு அந்தப் பதினைந்தாண்டுகள் வேறு பொருள் தருவன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரிற் கப்பலேறிய காலம் அது. 1984இல் அக்கப்பல் நிற்கும்வரை அந்தப் பயணம் தொடர்ந்தது. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்த 1973, 1974ஆம் ஆண்டுகளும், தோட்டங்கள் அரசுடைமையான 1975ஆம் ஆண்டும், 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் அதற்குள் அடங்கும். பட்டியலிலிருந்து நீங்கிய 319 பேரும் முரசு நோயின் காரணமாக நீங்கவில்லை.

இவ்வாய்வைப் பழிக்க முற்படுவது எளிது, அது நியாயமாகாது. மனநலங் குன்றியோருக்கு ஒட்டும் இனிப்புகளைக் கொடுத்துச் சூத்தையை வருவித்த சுவீடனின் விப்பேஹோம் சோதனையோ, கறுப்பின ஆடவரின் மேகநோய்க்கு மருந்து கிடைத்த பின்னரும் அதனை வழங்காது 1972வரை பார்த்திருந்த அமெரிக்காவின் டஸ்கிகீ ஆய்வோ இதற்கு ஒப்பாகா. லோவின் குழுவினர் நோயை உண்டாக்கவில்லை, இருந்ததை அளந்தனர். ஆனால் அளப்பதற்கு ஏற்ற நிலை அங்கு இருந்ததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மில்லிமீற்றர் அட்டவணைகளில் இடம்பெறக்கூடியதன்று. அதனைக் கேட்க வேண்டியவர்கள் பல்மருத்துவர்களல்லர்.

லோவின் சோதனை வெளிவந்த அதே 1965இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் வேறொரு வரலாறு தொடங்கியது. பேர் இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், தைத்தேனியம் என்ற உலோகம் முயலின் எலும்போடு பிரிக்கவியலாதபடி ஒன்றிவிடுவதை 1950களிற் கண்டிருந்தார். அவ்வுலோகத்தாலான திருகுகளை 1965இல் நோயாளி ஒருவரின் தாடையிற் பதித்து அவற்றின்மேற் செயற்கைப் பற்களை நிறுவினார். அந்நோயாளி 2006இல் இறக்கும்வரை அவை பயன்பட்டன. 1982இல் தொரொன்ரோவில் நடைபெற்ற மாநாட்டுக்குப் பின்னரே பல் உள்வைப்பு உலகெங்கும் ஏற்கப்பட்டது. அதன்பின் முன்னேற்றம் விரைவாயிற்று. உலோகத்தின் புறப்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்டு எலும்பு ஒன்றும் காலம் குறைந்தது. முப்பரிமாணக் கதிர்ப்படம் எலும்பின் அளவை முன்கூட்டியே காட்டியது. எலும்பு போதாத இடத்தில் ஒட்டெலும்பு வைக்கும் முறையும் வளர்ந்தது.

ஆயினும் உள்வைப்பு பல்லாகிவிடாது. இயற்கைப் பல்லை எலும்போடு பிணைக்கும் நார் அதற்கு இல்லை. கிருமிப் படலமோ இரண்டிலும் ஒன்றுபோலவே படிகின்றது. உள்வைப்பைச் சூழ்ந்த திசுவின் அழற்சியும் எலும்பிழப்பும் 1987இல் தனி நோயாகப் பெயர் பெற்றன. 1994இல், லோவுடன் முன்பு பணியாற்றிய சுவிற்சர்லாந்துப் பேராசிரியர் நிக்லாஸ் லாங் உள்ளிட்ட குழுவினர், உள்வைப்புப் பொருத்தியவர்களைக்கொண்டு ஓகூஸ் சோதனையையே மீண்டும் நடத்தினர். மூன்று வாரம் துலக்காதிருந்தபோது உலோகத்தைச் சூழ்ந்த திசுவும் முரசைப் போலவே வீங்கியது. முரசு நோயாற் பல்லிழந்தவர்க்கே உள்வைப்பும் இழக்கப்படும் இடர் மிகுதி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. டன்சினனின் ‘நூற்றுக்கு எட்டுப் பேர்’ போன்றோரே உள்வைப்பு மருத்துவருக்கு இன்றும் கடினமான நோயாளிகள். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் அவ்விடரைப் பெருக்குவன. யாருக்கு உள்வைப்பு மிகவும் தேவையோ அவருக்கே அது நிலைப்பது ஐயத்துக்குரியதாகின்றது. நாட்கூலியில் வாழ்பவர்க்கு அதன் விலை எட்டாதது என்பதோ அதற்கும் முந்திய செய்தி.

அதே லாங்கும் பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளரும் 2010இல் மலையகத்துக்கு வந்து பழைய பட்டியலில் உள்ளோரைத் தேடினர். தோட்டங்கள் அதற்குள் அரசின் கையிலிருந்து மீண்டும் கம்பனிகளின் கைக்கு மாறியிருந்தன. 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. 1970இல் பதின்ம வயதினராய் இருந்த சிறுவர் அப்போது ஐம்பதைக் கடந்திருந்தனர். 2017இல் அச்சேறிய முடிவுகளின்படி, படலமும் காரையும் அழற்சியும் நாற்பதாண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றமின்றி இருந்தன. பற்காரையும் முரசின் அழற்சியும் நோயின் முன்னேற்றத்தோடும், புகைத்தல் நோயின் தொடக்கத்தோடும் தொடர்புடையனவாகக் காணப்பட்டன. பன்னிருவர் பற்கள் அனைத்தையும் இழந்திருந்தனர். ஒரு பல்லையும் இழக்காதவரும் அந்த எழுபத்தைந்து பேரில் இருந்தனர்.