மாடியில் கோதுமைப் புல்: "பச்சை ரத்தம்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பேசின் பிரிட்ஜில் எங்கள் மொட்டை மாடியில் ஏழு தட்டுகளில் கோதுமைப் புல் வளர்க்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். படமும் போட்டிருக்கிறேன். "இது பச்சை ரத்தம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்று எங்கோ படித்ததைக் குடும்பக் குழுவிலும் அனுப்பினேன். அதைப் பார்த்து என் மைத்துனர் கேட்டார். நானே இரண்டு தட்டு விதைத்துக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அவர் யாரிடமும் சொல்லாமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் பட்ட சின்னக் காயம் ஆறவில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

வரலாற்று வகுப்பில் உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்: யார் சொன்னார், எப்போது சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள் என்று. அதை நான் கேட்காமல் விட்டேன். இப்போது தேடிப் படித்ததை எழுதுகிறேன்.

கோதுமையை முளைக்க வைப்பது நமக்குப் புதிதல்ல. முளைப்பாரிக்கும் கல்யாணப் பாலிகைக்கும் போடும் நவதானியத்தில் கோதுமை உண்டு; சூரியனுக்கு உரிய தானியம் என்பார்கள். ஆனால் அந்த முளையை யாரும் அரைத்துக் குடித்ததில்லை. நீரில் கரைத்துவிடுவோம்.

சாப்பாட்டுக் கோதுமையின் கதை வேறு. 1956-இல் அமெரிக்காவுடன் பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு கப்பல் கப்பலாக அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. நம் துறைமுகத்திலும் இறங்கியது. அரிசி கிடைக்காத அறுபதுகளில் ரேஷன் கோதுமையை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நம் அம்மாக்கள் கஞ்சியும் களியும் கிண்டினார்கள். பள்ளி மதிய உணவில் கோதுமை உப்புமா சாப்பிட்ட தலைமுறை என்னுடையது.

அந்தக் கப்பல்களை நம்பியிருந்த நிலையை மாற்றியதில் நம்மவர் இருவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் மத்திய உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், இன்னொருவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்தது. சி.எஸ். தன் டெல்லி பங்களாவின் புல்வெளியையே உழுது புதுக் கோதுமையை விதைத்தார். வீட்டில் கோதுமை வளர்த்துக் காட்டிய தமிழர் அவர். ஆனால் அவர் வளர்த்தது கதிருக்காக, சாறுக்காக அல்ல.

சாறு நம் நாட்டிலிருந்து வந்ததல்ல. 1930-களில் அமெரிக்காவில் சார்லஸ் ஷ்னாபெல் என்ற வேளாண் வேதியியலாளர், நோயில் வாடிய கோழிகளுக்கு இளம் புல்லைக் கொடுத்தார். கோழிகள் தேறின, முட்டையும் கூடியது. 1940-க்குள் புல்லைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து மருந்துக் கடைகளில் விற்றார்கள். ஒன்றைக் கவனியுங்கள். அவர் பயன்படுத்தியது குளிரில் வயலில் மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்த புல். நாம் வெட்டுவது எட்டு நாள் தட்டுப் புல்.

தட்டில் வளர்த்துச் சாறு பிழியும் வழக்கத்தைப் பரப்பியவர் ஆன் விக்மோர் அம்மையார். லிதுவேனியாவில் பிறந்து பாஸ்டனில் நிலையம் நடத்தியவர். நேபுகாத்நேச்சார் மன்னன் புல்லை மேய்ந்த விவிலியக் கதை அவருக்குத் தூண்டுதலாக இருந்தது. தன் உணவு முறையால் நீரிழிவுக்காரர்களுக்கு இன்சுலின் தேவை குறையும், இல்லாமலும் போகலாம் என்று சொன்னார். 1982-இல் மாசசூசெட்ஸ் மாநில அட்டர்னி ஜெனரல் அவர்மீது வழக்குப் போட்டார். அம்மையார் தோற்றார், அந்தப் பேச்சைக் கைவிட்டார். சொன்னவரே கைவிட்டதை, நாற்பது ஆண்டுகள் கழித்து பேசின் பிரிட்ஜிலிருந்து நான் அனுப்பியிருக்கிறேன்!

"பச்சை ரத்தம்" என்பதில் கால்வாசி உண்மை உண்டு. இலையின் பச்சையமும் ரத்தத்தின் ஹீமும் அமைப்பில் ஒன்றுபோல இருக்கும். இவற்றை ஆராய்ந்த ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம், ஹீமின் நடுவில் இருப்பது இரும்பு. குடித்த பச்சையத்தை நம் உடல் ரத்தமாக மாற்றிக்கொள்வதில்லை.

ஆய்வே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2002-இல் இஸ்ரேலில் பெருங்குடல் புண் உள்ள 23 பேரை வைத்து ஒரு மாதம் சோதித்தார்கள். சாறு குடித்தவர்களுக்கு ரத்தப்போக்கு குறைந்தது. 2004-இல் சண்டிகரில் தலசீமியா உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் வீட்டிலேயே புல் வளர்த்துத் தினம் 100 மில்லி கொடுத்தன. கணக்கில் எடுத்த 16 பேரில் 8 பேருக்கு ஏற்ற வேண்டிய ரத்தம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் பின்னர் மாத்திரை வடிவில் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பலன் தெரியவில்லை. எல்லாமே சிறு ஆய்வுகள். எதிலும் யாரும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை.

அப்படியானால் தட்டுகளைத் தூக்கிப் போட்டேனா? இல்லை. கீரை எப்படியோ அப்படித்தான் இதுவும். சத்தில் முருங்கைக்கீரையை மிஞ்சிவிடாது. வளர்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. வளர்ப்பவர்களுக்கு என் அனுபவம் இது:

மளிகைக் கடையில் முழுக் கோதுமை வாங்குங்கள். விதைக் கடையில் மருந்து கலந்து விற்பது வேண்டாம். இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். துளையுள்ள தட்டில் ஓர் அங்குலம் மண்ணோ தென்னை நார்க் கழிவோ பரப்பித் தூவி, இரண்டு நாள் மூடி வைத்துத் தண்ணீர் தெளியுங்கள். எட்டாம் நாள் ஒரு சாண் உயரம் வந்ததும் வேருக்கு மேலே வெட்டலாம். நம் பகுதியில் தூசியும் கரியும் அதிகம், நன்றாகக் கழுவுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளையாகத் தெரிந்தால் முழுத் தட்டையும் கொட்டிவிடுங்கள். அரைத்து வடித்து உடனே குடியுங்கள், 30 மில்லி போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

போன வாரம் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கொடுத்த தட்டு இன்னும் பால்கனியில் இருக்கிறது, புதுப் புல்லோடு. பக்கத்திலேயே அவருடைய மாத்திரை டப்பா. "ரெண்டும் உண்டு மாமா" என்றார்.

என் பழைய செய்தியை யாராவது வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தால், தயவுசெய்து இதையும் அங்கே அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா என்று இன்றைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்